நட்சத்திர மலையடியில் முந்நூறு தொட்டிகள்

வீட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் எவருக்கும் மூன்று விஷயங்கள் தெரியும். தண்ணீரை வடிகட்டி ஊற்ற வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். ஆகையால் மூடி வைக்க வேண்டும். யாராவது மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சரியாக மூடாமல் போய்விடுவார்கள். ஆகையால் அடிக்கடி மாடி ஏறிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் பாட்டி காலத்து விதிகள். மூன்றாவது என் சொந்த அனுபவம்.

இந்த மூன்று விதிகளையும் வைத்துக்கொண்டு நட்சத்திர ஆராய்ச்சி செய்யலாம் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? மெக்ஸிகோ தேசத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 4100 மீட்டர் உயரத்தில், ஓர் எரிமலையின் தோளிலே 300 பெரிய தொட்டிகள் நெருக்கமாக நிற்கின்றன. உள்ளே இருக்கும் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, குளிப்பதில்லை, பயிருக்குப் பாய்ச்சுவதுமில்லை. வானத்தைப் பார்ப்பதற்காக அதை அங்கே நிரப்பி வைத்திருக்கிறார்கள். அதுவும் தொட்டியை இறுக மூடி, உள்ளே கும்மிருட்டாக வைத்துக்கொண்டு!

வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பாஸ்போர்ட் வேண்டாம், கம்பளிச் சட்டை வேண்டாம். காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்தால் போதும்.

மெக்ஸிகோ நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் போனால் புவெப்லா என்ற பழைய நகரம். வண்ண ஓடுகள் பதித்த வீடுகளுக்கும் மாதா கோயில்களுக்கும் பெயர் பெற்ற ஊர். அதைவிட அதிகமாகச் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. 'மோலே' என்று ஒரு குழம்பு. மிளகாய் வற்றல் பலவகை, எள், வாசனைச் சாமான்கள் எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, அதோடு சாக்கலேட்டையும் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். "மிளகாயோடு சாக்கலேட்டா!" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை இன்று நினைத்துப் பார்க்க முடிகிறதா? அந்த மிளகாய் நமக்கு வந்து சேர்ந்தது அந்தப் பக்கத்து மண்ணிலிருந்துதான். கொடுத்தவர்களுக்கு அதை எப்படிச் சமைப்பது என்பதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

புவெப்லாவிலிருந்து கிழக்கே போகப் போக, பாதி வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை மலை எழும்புகிறது. பீக்கோ தெ ஒரிஸாபா என்று ஸ்பானியர்கள் வைத்த பெயர். உயரம் 5636 மீட்டர். மெக்ஸிகோவிலேயே அதற்கு மேல் உயர்ந்த சிகரம் கிடையாது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்த ஜனங்கள், தங்கள் நாவாத்தல் மொழியில் அதற்குச் 'சித்லால்தெபெத்ல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். உச்சரிக்க நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆனால் அர்த்தம் அழகானது: 'நட்சத்திர மலை'. பின்னால் ஒரு காலத்தில் தன் காலடியில் நட்சத்திர ஆராய்ச்சி நடக்கப் போகிறது என்று மலைக்கே தெரிந்திருந்ததோ, என்னவோ!

நட்சத்திர மலைக்குப் பக்கத்திலேயே தங்கை போல இன்னொரு எரிமலை இருக்கிறது. அதன் பெயர் சியரா நேக்ரா, அதாவது கருமலை. அதன் உச்சியில் 50 மீட்டர் விட்டமுள்ள ஒரு ராட்சதக் கிண்ணம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது ரேடியோ அலை போன்ற நுண்ணலைகளைப் பிடிக்கும் வேறு ஒரு தொலைநோக்கி. நாம் பார்க்க வந்தது அது இல்லை. ஆனால் அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் அதற்காக முன்பே ரோடு போட்டு, மின்சாரமும் கொண்டு வந்திருந்தார்கள். இல்லாவிட்டால் நம் தொட்டிக்காரர்கள் இந்த மலையைத் தேர்ந்தெடுத்திருப்பார்களா என்பது சந்தேகம். பெரிய விஞ்ஞானமும் கடைசியில் ரோடு இருக்கும் இடத்தில்தான் குடியேறுகிறது.

ஏறும்போது மெதுவாக ஏறுங்கள். இங்கே காற்று, கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும், தலை கனக்கும். மரங்கள் பின்தங்கிவிடுகின்றன. கல்லும் புல்லும் குளிர் காற்றும்தான். ஒரு வளைவு திரும்பியதும் தொட்டிகள் கண்ணில் படுகின்றன.

முதல் பார்வைக்கு நம் ஊர் நெற்குதிர்களைப் பிரம்மாண்டமாகச் செய்து அடுக்கிய மாதிரி இருக்கிறது. நெளிநெளியான இரும்புத் தகட்டில் வட்டச் சுவர், மேலே கூம்பு போன்ற கூரை. ஒவ்வொன்றும் 7.3 மீட்டர் விட்டம். இரண்டு மாடி வீடு உயரம். தகடு வெறும் சுவர்தான். தண்ணீர் அதைத் தொடுவதேயில்லை. தலையணைக்கு உறை போட்டது போல உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. அந்தப் பைக்குள் நாலரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். ஒரு தொட்டிக்கு ஏறக்குறைய 1,88,000 லிட்டர். 300 தொட்டிக்கும் கணக்குப் பார்த்தால் ஐந்தரைக் கோடி லிட்டருக்கு மேல். குழாயடியில் குடத்தோடு நின்று பழகியவர்களுக்குத்தான் இந்தக் கணக்கின் கனம் தெரியும். இந்த நிலையத்துக்கு 'ஹாக்' என்று சுருக்கப் பெயர். 2015 மார்ச் 20-ந் தேதி முழுமையாகத் திறந்து வைத்தார்கள்.

"எல்லாம் சரி, தண்ணீருக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

1054-ஆம் ஆண்டில், சோழ சாம்ராஜ்யம் கொடி கட்டிப் பறந்த காலத்தில், சீனத்து வானநூலார் ஒரு புதிய நட்சத்திரத்தைக் குறித்து வைத்தார்கள். பகலிலேகூட 23 நாள் அது தெரிந்ததாம். ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சிதறிய காட்சி அது. சிதறிய துண்டுகளுக்கு இன்று 'நண்டு நெபுலா' என்று பெயர். ஆயிரம் ஆண்டு ஆகப் போகிறது. இன்னும் அங்கே ஆவேசம் அடங்கவில்லை. அங்கிருந்து காமா கதிர்கள் புறப்பட்டு வருகின்றன. இதுவும் ஒளிதான். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போல் லட்சம் கோடி மடங்கு சக்தி கொண்ட ஒளி.

அப்படிப்பட்ட கதிர் நம் தலையில் விழுந்தால்? பயப்பட வேண்டாம். காற்று மண்டலம் தாயைப் போலத் தடுத்து நிற்கிறது. பல கிலோமீட்டர் உயரத்திலேயே கதிர் காற்றில் மோதி உடைந்துவிடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, எலெக்ட்ரான்களும் சிறிய காமா கதிர்களுமாக ஆயிரக்கணக்கில் பெருகி, ஒரு மெல்லிய தோசை போல அகலமாகப் பரவிக் கீழே இறங்கும். இறங்க இறங்கச் சக்தி தேய்ந்து, கடல் மட்டத்துக்கு வருவதற்குள் பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போய்விடும். அந்தத் தோசை கரைவதற்குள் பிடிக்க வேண்டுமானால், மேலே ஏறித்தான் ஆக வேண்டும். மூச்சு வாங்க வாங்க இந்த மலையில் ஏறியதற்குக் காரணம் அதுதான்.

இனித்தான் தண்ணீரின் மகிமை. ஒளி வெட்டவெளியில் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதற்கு மேல் எதனாலும் ஓட முடியாது. ஆனால் தண்ணீருக்குள் ஒளிக்குக் கால் தளர்ந்துவிடும். சுமார் 2,25,000 கிலோமீட்டர்தான். வானத்திலிருந்து வரும் எலெக்ட்ரானோ, தண்ணீருக்குள் நுழைந்த பிறகும் பழைய வேகத்திலேயே பாய்கிறது. ஏரியில் அலையை முந்திக்கொண்டு விசைப்படகு போனால், பின்னால் ஆப்பு வடிவத்தில் அலை விரிகிறதல்லவா? அதே போல ஒளியை முந்தும் எலெக்ட்ரானுக்குப் பின்னால் ஒரு நீல ஒளி கூம்பாக விரிகிறது. இதை 1934-இல் கண்டறிந்து சொன்னவர் செரன்கோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1958-இல் இதற்காக அவரோடு இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தொட்டியின் அடியில் மேல்நோக்கிப் பார்த்தபடி நான்கு கண்ணாடிக் குமிழ்கள் இருக்கின்றன. அந்த நீல மினுக்கு மிகமிக லேசானது. மனிதக் கண்ணுக்கு எட்டாது. இந்த மின்கண்கள் ஒரே ஒரு துளி ஒளி பட்டாலும் உடனே மின்சாரச் சமிக்ஞை கொடுத்துவிடும். ஆகையால்தான் உள்ளே கும்மிருட்டு வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை வழியாகச் சூரிய வெளிச்சம் நுழைந்தால் போதும், அந்தத் தொட்டி குருடாகிவிடும். பையின் உட்புறமும் கறுப்பு. பட்ட ஒளி சுவரில் மோதித் திரும்பி வந்து, நேரம் கழித்து மின்கண்ணை ஏமாற்றக் கூடாது என்பதற்காக.

தண்ணீருக்குப் பதிலாக வேறு எதையாவது வைக்கக் கூடாதா? வைக்கலாம்; வைத்துமிருக்கிறார்கள். ஆனால் மேலிருந்து இறங்கும் கூட்டத்தில் எலெக்ட்ரான்களைவிடச் சின்னக் காமா கதிர்கள்தான் பல மடங்கு அதிகம். மெல்லிய பலகைக் கருவிகளை வைத்தால் அவற்றில் பெரும்பகுதி ஊடுருவிக்கொண்டு போய்விடும். நாலு மீட்டர் தண்ணீரில் அந்த ஜம்பம் பலிக்காது. உள்ளேயே உடைந்து எலெக்ட்ரானாக மாறி, நீல வெளிச்சம் காட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். உலகத்தில் மலிவாக, ஆழமாக, கண்ணாடி போலத் தெளிவாகக் கிடைக்கும் பண்டம் தண்ணீரைத் தவிர வேறு என்ன?

இத்தனையும் ஒரே நாளில் தோன்றிய யோசனை இல்லை. இதற்கு ஒரு முன்கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஹாக்கிற்கு ஓர் அக்காள் இருந்தாள். பெயர் மிலாக்ரோ, ஸ்பானிய மொழியில் 'அற்புதம்'. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்து மலையில், 2630 மீட்டர் உயரத்தில் இருந்த ஒரு பழைய குளம் அது. 80 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழம். குளம் முழுவதற்கும், குடத்துக்கு வேடு கட்டுவது போல, வெளிச்சம் புகாத பெரிய துணியைப் போர்த்தி, அடியில் மின்கண்களை மிதக்கக் கட்டியிருந்தார்கள். 2000 முதல் 2008 வரை வேலை செய்தது. நல்ல வேலைதான். ஆனால் குளத்தில் பல சங்கடங்கள். ஓரிடத்தில் உண்டான வெளிச்சம், தடுக்கச் சுவர் இல்லாததால் தூரத்து மின்கண் வரையில் போய்த் தட்டும். எது எங்கே விழுந்தது என்று தெரியாமல் குழப்பம். ஒரு குமிழ் கெட்டுப் போனால் போர்வைக்குள் காற்றடித்துப் பந்தல் போல உப்ப வைத்து, முக்குளிப்பவர்கள் தண்ணீருக்குள் இறங்கிச் சரிசெய்ய வேண்டும்.

ஆகவே அடுத்த நிலையத்தைத் திட்டமிட்டவர்களுக்கு முன்னால் ஒரு கேள்வி நின்றது. மறுபடி ஒரு பெரிய குளமா, அல்லது பல தனித்தனிப் பாத்திரங்களா? ஒரே அண்டாவா, முந்நூறு குடமா? தப்பான முடிவு எடுத்தால் திருத்த முடியாது. மலை மேல் கொட்டிய பணம் கொட்டியதுதான்.

குடம் என்று முடிவு செய்தார்கள். சுவர் இருப்பதால் ஒரு தொட்டியின் வெளிச்சம் அடுத்ததற்குப் போகாது. குமிழ் கெட்டால் கூரையிலுள்ள சிறு வாசல் வழியாகக் கிணற்றில் வாளி இழுப்பது போல மேலே இழுத்துக்கொள்ளலாம். ஒரு தொட்டி ஒழுகினாலும் மீதி 299 வேலை செய்யும். குளமென்றால் முழுவதும் வெட்டி, முழுவதும் நிரப்பிய பிறகுதான் வேலை ஆரம்பம். தொட்டியில் அந்தக் காத்திருப்பு இல்லை. முடிந்த மட்டும் போதும். 2013-இலேயே 111 தொட்டிகளை வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொரு சிக்கனமும் செய்தார்கள். மூடப்பட்ட மிலாக்ரோவின் கண்ணாடிக் குமிழ்கள் சுமார் 900. அவற்றைத் தூக்கி எறியாமல், தொட்டிக்கு மூன்றாகப் பங்கிட்டுக் கொடுத்து, நடுவில் பெரிதாக ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி வைத்தார்கள். அக்காளின் நகையை அழித்துத் தங்கைக்குச் செய்து போட்ட கதை! பழைய நகை, உயரமான இடம், அகலமான களம், எல்லாம் சேர்ந்து மிலாக்ரோவைவிடப் பத்து மடங்குக்கு மேல் கூர்மையான பார்வை கிடைத்தது.

அப்புறம் தண்ணீர். எரிமலையின் தோளில் ஏது ஐந்தரைக் கோடி லிட்டர்? கீழேயிருந்து டாங்கர் லாரிகளில் ஏற்றிக் கொண்டு போனார்கள். நம் ஊர்க் கோடைக்காலத்து லாரித் தண்ணீர் ஞாபகம் வருகிறதா? அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட முடியாது. கலங்கல் இருந்தால் நீல ஒளி குமிழை எட்டுவதற்குள் மங்கிவிடும். பாசியோ கிருமியோ வளர்ந்தால் நாளுக்கு நாள் பார்வை மழுங்கும். கிராமத்தில் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்துத் தண்ணீரைத் தெளிய வைப்பார்களே, அதே கவலைதான் இங்கேயும். வடிகட்டி, உப்பு நீக்கி, கிருமி போக்கி, பிறகுதான் பைக்குள் விடுகிறார்கள்.

இப்போது ஒரு கதிர் வந்து விழட்டும். தோசை சாய்வாக இறங்கினால் ஒரு பக்கத்துத் தொட்டிகளை முதலில் தொடும், மறுபக்கத்தை ஒரு கணம் கழித்துத் தொடும். கணம் என்றால் வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக் கணக்கு. அந்த வித்தியாசத்தைப் பார்த்தே, கதிர் வானத்தில் எந்தத் திசையிலிருந்து புறப்பட்டது என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் இதில் ஒரு பெரிய தொந்தரவு. வினாடிக்குச் சுமார் 25,000 தோசைகள் விழுகின்றன. அவற்றில் ஆயிரத்தில் ஒன்றுகூடக் காமா கதிரால் வந்ததில்லை. மற்றவை எல்லாம் காஸ்மிக் கதிர் எனப்படும் புரோட்டான் முதலிய துகள்கள். மின்சாரம் ஏறிய இந்தத் துகள்கள் வழியிலுள்ள காந்தப் புலங்களில் வளைந்து வளைந்து வருவதால், எங்கிருந்து வந்தன என்பதே தெரியாது. நேர்கோட்டில் வருவது காமா கதிர் மட்டும்தான். உமியிலிருந்து நெல்லைப் பிரிப்பது எப்படி? கைதேர்ந்த பெண்மணி வாசல் தெளித்தால் தண்ணீர் ஒரே சீராகப் பரவும். சின்னப் பையன் தெளித்தால் இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு. காமா கதிரின் கூட்டம் கைதேர்ந்தவள் தெளித்தது. புரோட்டானின் கூட்டத்திலோ மியூவான் என்ற முரட்டுத் துகள்கள் வந்து, நடுவிலிருந்து எட்டியுள்ள தொட்டிகளில்கூடத் திடீரென்று பெரிய வெளிச்சம் போடும். அந்தத் திட்டுகளைப் பார்த்துத் தள்ளிவிடுகிறார்கள். 2018-இல் சுற்றிலும் இன்னும் 345 சின்னத் தொட்டிகள் வைத்தார்கள். இவை நம் மாடியில் வைக்கும் பிளாஸ்டிக் தொட்டி அளவுதான். களத்துக்கு வெளியே விழுவதையும் கணக்கில் எடுக்க.

இரவு, பகல், மழை, நிலவு எதுவும் இதற்குத் தடை இல்லை. இருட்டு உள்ளேயே இருக்கிறதே! பூமி சுழலச் சுழல, ஒரு நாளில் வானத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பார்த்துவிடுகிறது.

"இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டார்கள்?" என்று நீங்கள் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். ஒன்று மட்டும் சொல்கிறேன். எலெக்ட்ரானுக்குப் பாஸிட்ரான் என்று ஓர் எதிர்மறை இரட்டை உண்டு. 2008 வாக்கில் விண்வெளியில் சுற்றிய ஒரு கருவி, எதிர்பார்த்ததைவிட அதிகமான பாஸிட்ரான்கள் பூமிப் பக்கம் வருவதாகச் சொன்னது. எங்கிருந்து? பிரபஞ்சத்தில் நிறைந்திருப்பதாகச் சொல்லும் 'இருண்ட பொருள்' அழிவதன் அடையாளமா? அல்லது பக்கத்தில் உள்ள செத்த நட்சத்திரங்களின் வேலையா? சந்தேகத்துக்கு ஆளானவற்றில் முக்கியமானது கெமிங்கா. சுமார் 800 ஒளியாண்டுத் தூரத்தில் சுழலும் ஒரு நட்சத்திரச் சடலம். பெயரிலேயே ஒரு வேடிக்கை: கண்டுபிடித்த காலத்தில் அது இன்னதென்று யாருக்கும் புலப்படவில்லை. மிலான் நகரத்துப் பேச்சு வழக்கில் இந்தப் பெயரின் ஓசைக்கு 'அங்கே இல்லை' என்று அர்த்தம் வருமாம்.

அதைச் சுற்றி முழு நிலவைப் போல் பல மடங்கு அகலத்துக்குக் காமா ஒளி படர்ந்திருப்பதைத் தொட்டிகள் கண்டன. அவ்வளவு பரந்த மங்கலான ஒளியைக் குறுகிய பார்வையுள்ள மற்றத் தொலைநோக்கிகள் பிடிப்பது கஷ்டம். 2017-இல் ஹாக் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்ன முடிவு: கெமிங்காவிலிருந்து துகள்கள் புறப்படுவது உண்மை, ஆனால் எதிர்பார்த்ததைவிட மிக மெதுவாகத்தான் அவை பரவுகின்றன, பூமிக்கு வரும் அதிகப் பாஸிட்ரான்கள் அதனுடையவை என்று சொல்வதற்கில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. வழியெல்லாம் ஒரே மாதிரி மெதுவாகப் பரவும் என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வேறு சிலர் கேட்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. முக்கிய சாட்சி மட்டும் இந்த மலைத் தண்ணீர்.

குளமா குடமா என்ற வழக்கும் முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. சீனாவில் ஸிச்சுவான் மாகாணத்தில், 4410 மீட்டர் உயரத்தில், 2021-இல் முடிந்த ஒரு நிலையத்தில் மீண்டும் குளம்தான் வெட்டினார்கள். மூன்று குளங்கள், மொத்தம் 78,000 சதுர மீட்டர். ஆனால் மிலாக்ரோவின் பாடத்தை மறக்கவில்லை. கூடத்தைத் திரை போட்டு அறைகளாகப் பிரிப்பது போல, தண்ணீருக்குள் கறுப்புத் திரைகளைத் தொங்கவிட்டு, ஐந்து மீட்டர் சதுரமாகத் தடுத்துவிட்டார்கள். அண்டாவுக்குள்ளேயே குடங்கள்!

தென்பாதி வானத்தில்தான் நம் பால்வீதியின் நடு மையம் உச்சிக்கு வரும். அதை இப்படிப் பார்க்க அங்கே ஒரு நிலையம் இல்லை. பல தேசத்தார் சேர்ந்து, சிலி நாட்டு அடகாமாப் பாலைவனத்தில் 4770 மீட்டர் உயரத்தில் ஓர் இடத்தை 2024-இல் தேர்ந்தெடுத்தார்கள். உலகத்திலேயே வறண்ட பாலைவனங்களில் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டும்! அங்கே தொட்டியை இரண்டு அடுக்காகச் செய்ய யோசனை: மேல் அடுக்கு எலெக்ட்ரான்களுக்கு, கீழ் அடுக்கு ஊடுருவி வரும் அந்த முரட்டு மியூவான்களுக்கு. நம் ஊட்டியிலும் 2200 மீட்டர் உயரத்தில் வானத்துத் துகள் மழையைப் பிடிக்கும் ஒரு நிலையம் உண்டு. அங்கே தண்ணீர் இல்லை; பிளாஸ்டிக் பலகைக் கருவிகளும், மியூவான்களை எண்ணக் கான்கிரீட்டுக்கு அடியில் 3712 இரும்புக் குழாய்களும்தான். ஊட்டிக்குப் போகிறவர்கள் மலர்க் கண்காட்சியோடு திரும்பிவிடுகிறோம்.

இறங்குவதற்கு முன் ஒரு சின்னச் செய்தி. இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கத்தில் ஹவெரா பார்க் என்று ஓர் இடம். 1967 முதல் 1987 வரை தண்ணீர்த் தொட்டிகளை வைத்துக் காஸ்மிக் கதிர்களை அங்கே ஆராய்ந்தார்கள். வேலை முடிந்து, கால் நூற்றாண்டு போல மூடியே கிடந்த தொட்டியைத் திறந்து பார்த்தபோது, தண்ணீர் ஊற்றிய அன்று போலவே தெளிவாக இருந்ததாம்.

எங்கள் வீட்டு மாடித் தொட்டியைக் கழுவி ஆறு மாதம் ஆகிறது. நாளைக் காலையில் ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.